தண்ணி குடிக்காத வண்டி

நாய்களுக்குச் சோறு வடிப்பது ரங்கனின் வேலை. காலையில் டீ போட்டு முடித்ததும் காமு அடுப்பைக் காலி செய்து கொடுத்துவிடுவாள். அதற்கப்புறம் அடுப்பில் அவளுக்குப் பாத்தியதை கிடையாது. பெரிய அலுமினியக் குண்டானில் ரேஷன் அரிசியைக் கொட்டி, கோழிக்கடையில் கழித்துப் போடுகிற கழுத்தையும் காலையும் சேர்த்து, கொஞ்சம் மஞ்சள்தூள் தூவிக் குழைய விடுவான். உப்பு கிடையாது. எத்தனை சோப்பு போட்டாலும் கிரீஸ் போகாத விரல்களால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பான். அதுவரை ராணி சமையலறை வாசலில் காத்திருக்கும். கிரேட் டேன் ஜாதி. நின்றால் அதன் தாடை சமையல் மேடையில் வந்து உட்காரும். அதன் வயிற்றுக்குக் கீழே புஜ்ஜி நிற்கும். லேப்ரடாரும் தெருநாயும் கலந்து, யாரோ உருட்டிவிட்ட மாதிரி இருக்கும் புஜ்ஜி.

"எனக்கு ஒரு நாளாவது இப்படி ஆக்கிப் போட்டிருப்பியாய்யா?" என்பாள் காமு.

"நீ தட்டை நக்கிக் காலி பண்ண மாட்டியே" என்பான் ரங்கன்.

ரங்கன் முடிச்சூரில் டூவீலர் மெக்கானிக். தாம்பரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகி, கல்யாணத்துக்குப் பிறகு ஆற்றுப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டி, வீட்டு முன்பக்கம் தகரம் இறக்கிச் சொந்தக் கடை போட்டவன். மனை மலிவாகக் கிடைத்தபோது ஏன் மலிவு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பான். அவன் கைக்கு எட்டுகிற மேட்டு நிலம் எங்கும் இல்லை.

நாய்கள் அவன் தேடிப் போனவை அல்ல. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் பைக்கை சர்வீசுக்கு விட வந்தபோது ராஜாவையும் ராணியையும் சேர்த்து விட்டுவிட்டுப் போனார். "ரெண்டே நாள்ணா, ஊருக்குப் போய்ட்டு வந்துர்றேன்." பைக்கை எடுத்துப்போக யாரோ ஒரு பையனை அனுப்பினார். நாய்களை எடுத்துப்போக யாரையும் அனுப்பவில்லை. பிறகு அந்த போன் நம்பரே இல்லையென்று ஆகிவிட்டது. "கன்னுக்குட்டி சைசுல ரெண்டக் கட்டிக்கினு நாம இன்னா பண்றது?" என்று காமு ஒரு மாதம் சண்டை போட்டாள். அடுத்த மாதம் அவற்றுக்குக் குளிருமென்று பழைய புடவைகளைத் தைத்து மெத்தை போட்டாள்.

பிறகு அந்த டிசம்பர் வெள்ளம் வந்தது.

விடிந்து பார்த்தபோது கடையில் நின்ற பைக்குகளின் ஹேண்டில்பார் மட்டும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் முதல் மாடி ஜன்னல் உயரத்துக்கு வந்தது தண்ணீர். கோவளத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கிய ஃபைபர் படகு ஒன்று மொட்டை மாடி ஓரமாக வந்து நின்றது. படகுக்காரன் நல்ல பையன்தான். "நாய் வேணாம்ணே. அந்தத் தெருவுல வயசானவங்க கீறாங்க. அப்புறமா வந்து இட்டுக்கினு போலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நாய்கள் படகின் பின்னால் குதித்துவிடக் கூடாதே என்று ரங்கன் கட்டச் சொன்னான். காமு கட்டினாள். ராணியைப் படிக்கட்டு அறையின் கம்பிக் கதவில், ராஜாவைக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போன தண்ணீர்க் குழாயில். இருந்த சோற்றை எல்லாம் கொட்டி வைத்துவிட்டுப் படகில் இறங்கினார்கள். புஜ்ஜி அப்போது அவர்களிடம் வந்திருக்கவில்லை.

அப்புறமாக வருவதற்குப் படகு கிடைக்கவில்லை. தண்ணீர் வடிந்து அவர்கள் நடந்து வந்தபோது ராஜா சுவருக்கு வெளிப்பக்கம் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. படகைப் பார்த்துத் தாண்டியிருக்கிறது. இன்னும் நீளமாகக் கட்டியிருந்தால் தண்ணீரில் விழுந்து நீந்தியிருக்கும். இன்னும் குட்டையாகக் கட்டியிருந்தால் சுவரைத் தாண்டியிருக்காது. கட்டச் சொன்னவனும் கட்டியவளும் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ரங்கன் கட்டிங் பிளேயரால் சங்கிலியை வெட்டினான். காமு கீழே நின்று, மெத்தைக்குத் தைத்த புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் முழுக்க, தண்ணீர் புகுந்த பைக்குகளை ரங்கன் கூலி வாங்காமல் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தான். "உன்ன நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அது போதுமாக இருந்தது அவனுக்கு. அடுத்த மழைக்குள் ஒரு வண்டி வாங்கிவிட வேண்டும். ராணியும், வெள்ளத்துக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட புஜ்ஜியும் படுக்க வேண்டும், கடையில் நிற்கிற பைக்குகளை இரண்டு மூன்று நடையில் மேட்டுக்கு ஏற்ற வேண்டும். மழை நாளில் வாடகை வண்டியை நம்ப முடியாது. தெரிந்த லோடு ஆட்டோக்காரர் இருக்கிறார். அன்றைக்கு அவர் தன் பெண்டாட்டி பிள்ளைகளைத்தானே முதலில் ஏற்றுவார்.

அடுத்த மழை போயிற்று. அந்த மழையில் தண்ணீர் வாசல்படியோடு நின்றுகொண்டது. வண்டி மட்டும் வாங்கியபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பழைய வண்டி பார்க்கப் போனான். கீழ்க்கட்டளையில், மறைமலை நகரில், படப்பை ரோட்டோரக் கொட்டகைகளில். குட்டி யானை என்கிற மினி லாரி திறந்த வண்டி, ராணி பாதி வழியில் குதித்துவிடும். மூடின பாடி போட்டது என்றால் உள்ளே காற்று போகாது. ஏழு சீட் வண்டிகளில் சீட்டைக் கழற்றினால் நாய் படுக்கும், பைக் நிற்காது. எல்லாம் பொருந்திவருகிற வண்டியென்றால் அது தண்ணீர் குடித்த வண்டியாக இருக்கும். வெள்ளத்தில் முங்கின வண்டிகளை மலிவாக வாங்கி, கழுவிப் பளபளவென்று ஆக்கி நிறுத்தியிருந்தார்கள். ரங்கன் இன்ஜினைப் பார்க்கும் முன் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி முழம் வரை இழுப்பான். வெளியே தெரிகிற பெல்ட்டை யாரும் கழுவிவிடுவார்கள். சுருளுக்குள்ளே இருக்கிற கடைசி முழத்தில் மண் கோடு அப்படியே இருக்கும்.

ஒரு கொட்டகையில், "இது கோயமுத்தூர் வண்டி சார், இந்த ஊர் மழையையே பாத்ததில்ல" என்று ஒருவர் சத்தியம் செய்தார். ரங்கன் பின் கதவைத் திறந்து, ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் கைவிட்டான். சேற்றோடு ஒரு ஸ்டிக்கர் வந்தது. அவன் தெருப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கமிட்டியார் அடித்துக் கொடுத்தது.

"கோயமுத்தூர்ல எங்க தெரு கீதா?" என்று கேட்டான் ரங்கன்.

படப்பையில் ஹனீஃபா பாய் மட்டும் அப்படி இல்லை. பழைய வண்டி வாங்கி விற்கிறவர். குறை இருந்தால் முதலில் குறையைச் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். ரங்கன் ஒவ்வொரு வண்டியிலும் காதை வைத்துக் கேட்பதைப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது.

"அக்காவப் பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் காது வெச்சுக் கேட்டீங்களாண்ணே?"

"அப்ப எனக்குக் காது இவ்ளோ நல்லா கேக்காது பாய்."

இந்த வருஷம் ஆனி மாதம் பாயே போன் செய்தார். "நாயக் கூட்டிக்கினு வாங்க. ஒரு வண்டி கீது. பாத்துட்டு என்னைத் திட்டக் கூடாது."

லோடு ஆட்டோவில் ராணியை ஏற்றிக்கொண்டு போனான். மற்ற வண்டிகளின் முன்னால் ராணி கால்களை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். வயதாகி இடுப்பு விட்டுப்போயிருந்தது, உயரப் படி என்றால் ஏறாது. கொட்டகையின் கோடியில் நின்ற அந்த நீள வேனின் பின்கதவைப் பாய் திறந்தார். தரை முழங்கால் உயரத்தில் இருந்தது. இரும்புத் தகடு போட்டு வழுவழுவென்று, நீளவாக்கில் இரண்டு தண்டவாளம் மாதிரிப் பள்ளம். பக்கத்தில் கண்ணாடி, மேலே காற்றுப் போக்கி. ராணி மோந்து பார்த்தது. முன்காலை வைத்தது. பிறகு தன் வீடு மாதிரி உள்ளே போய், ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் நீட்டிப் படுத்துக்கொண்டது. ரங்கன் கொட்டகையில் கிடந்த ஒரு பைக்கை உருட்டி ஏற்றினான். சக்கரம் அந்தப் பள்ளத்தில் போய் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான். சுத்தம். கோடே இல்லை.

உள்ளே லேசாக ஊதுபத்தி வாசனையும் ரோஜாப்பூ வாசனையும் இருந்தன.

"பாய், இது..."

"அதான்ணே. அமரர் ஊர்தி. ஒரு டிரஸ்ட்ல ஓடினது" என்றார் ஹனீஃபா. "எப்பவும் ஆஸ்பத்திரி வாசல்ல மேட்டுல நின்ன வண்டி. உள்ள பாடி இருக்கறப்ப எவன் தண்ணியில எறக்குவான்? எங்கள்ல பாடி தூக்கிட்டுப் போற சந்தூக்குக்குத் தோள் குடுத்தா நன்மைம்பாங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. வாங்கறவங்களுக்கு இருக்கும். மறைச்சு விக்க மாட்டேன்." ராணி எழுந்து அவர் பக்கம் மூக்கை நீட்டியது. பாய் சட்டையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் போனார். தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை, நாய் எச்சில் படக் கூடாது.

அன்று சாயங்காலமே காமுவிடம் சொன்னான். ஒளித்து வாங்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படிச் செய்யக்கூடியவனாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாவு வண்டியா?" என்றாள் காமு.

"இப்ப அது வெறும் வேன். போர்டெல்லாம் எடுத்தாச்சு. நீலம் அடிச்சித் தரேன்றாரு பாய்."

"நீலம் அடிச்சா அதுல பொணம் போனது இல்லன்னு ஆயிருமா? ஆடி பொறந்தா துர்கா வயித்தத் தள்ளிக்கினு வந்து எறங்கப் போறா. தலைச்சன் பிரசவம். வாசல்ல அது நிக்கும், அவ தெனம் அது மூஞ்சில முழிப்பா, அப்படித்தானே?"

"நாயிங்களுக்குத்தான் காமு..."

"நாயிங்களுக்கு நான் சோறு போட வேணான்னனா? மெத்த தைக்க வேணான்னனா? எம் பொண்ணு வாசப்படி தாண்டறப்ப அது கண்ணுல படக் கூடாது. அவ்ளோதான். அப்புறம் உங்கிட்ட வண்டி விடறவன் எவனாவது தன் பைக்க அதுல ஏத்த சம்மதிப்பானா? நீயே சொல்லு."

ரங்கன் போனை எடுத்தான். பாயிடம் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னான். "ஆடியில எவனும் வண்டி எடுக்க மாட்டான்ணே, நிக்கட்டும்" என்றார் பாய்.

துர்கா ஆடியில் வந்தாள். கீழ்க்கட்டளையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வந்ததிலிருந்து புஜ்ஜி அவள் கட்டில் காலை விட்டு நகரவில்லை. ஆவணி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. காமு ஒருநாள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். புரட்டாசி பிறந்துவிட்டிருந்தது, வானம் ஒரு பக்கமாகக் கறுத்திருந்தது. ராணி வாசலில் படுத்து, வேடிக்கை பார்த்தபடி இருந்தது. காமு தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"யோவ். அந்த வண்டி இன்னும் கீதா?"

"கீது."

"வாங்கிக்கோ. வாசல்ல வேணாம். ரோட்டு முனையில மூடிக் கிடக்குதே ரைஸ் மில்லு, அங்க நிறுத்திக்கோ. துர்காகிட்ட நான் சொல்லிக்கறேன்." தண்ணீரை மொண்டு குழந்தையின் முதுகில் ஊற்றினாள். "போன தபா மாதிரி என்னால முடியாதுய்யா."

ராஜாவைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

ரங்கன் அடுத்த நாளே படப்பைக்குப் போனான். கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். ஆனால் அவன் மெக்கானிக். ஒரு நடை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒரகடம் ரோட்டில் விட்டான். மூன்றாவது கியரில் ஒரு சத்தம். கொசு பறக்கிற மாதிரி, மெல்லிசாக.

"பாய், கியர் பாக்ஸ்ல பேரிங் கத்துது."

"பழைய வண்டி பின்ன பாட்டா பாடும்? நீங்களே ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிருமே."

முடிந்துவிடும். அது ரங்கனுக்கும் தெரியும். ஆனால் கழுத்தளவு தண்ணீர் வருகிற நேரத்தில் கியர் இறுகி நின்றுவிட்டால்? பின்னால் நாய்கள் இருக்க, நடு ரோட்டில்? அந்த ஒரு படம் வந்துவிட்டது. ஒருமுறை காதில் விழுந்த சத்தத்தை விழவில்லை என்று வைத்துக்கொள்ள அவனால் முடியாது. இத்தனை வருஷமும் அவனுக்குச் சோறு போட்டது அந்தக் காதுதான்.

"பாக்ஸக் கழட்டிப் பாத்துட்டே எடுத்துக்கறேன் பாய். ஆயுத பூஜை முடியட்டும். கடையில வண்டி குவிஞ்சு கெடக்கு."

அது பொய்யில்லை. பூஜைக்கு முன்னால் ஊரில் இருக்கிற பைக் எல்லாம் அவனிடம்தான் வரும். ஆயில் மாற்றி, கழுவி, துடைத்து, பூஜை அன்று காலையில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற பதத்தில் கொடுக்க வேண்டும். பாய் போன் செய்தபோதெல்லாம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பூஜை முடிந்து, வாசலில் உடைத்த பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு, ரங்கன் போனை எடுத்துப் பார்த்தான். திரும்பக் கூப்பிட்டான்.

"குடுத்துட்டேன்ணே" என்றார் ஹனீஃபா. "எத்தினி தபா போன் போட்டேன். கூடுவாஞ்சேரில நர்சரி வெச்சிருக்கறவரு. செடி ஏத்தறதுக்கு."

"இன்னா வண்டின்னு சொன்னீங்களா?"

"சொல்லாமலா? செடிக்கு இன்னா தெரியும்னாரு."

ரங்கன் காமுவிடம், "பாய் வித்துட்டாராம்" என்று மட்டும் சொன்னான். எப்போது விற்றார் என்று அவள் கேட்கவில்லை. அவள் சரியென்று சொன்ன பிறகும் அந்த வண்டி படப்பையில் நின்றுகொண்டிருந்ததை அவன் சொல்லவில்லை. சொல்ல நினைத்த நேரத்தில் குழந்தை அழுதது. பிறகு சொல்வதற்கு அது பழைய விஷயமாகிவிட்டது. காமு அன்று இரண்டு முறை சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் ரங்கன் கஸ்டமர்களுக்கெல்லாம் போன் போட்டு வண்டிகளை எடுத்துப்போகச் சொன்னான். வராதவர்களின் பைக்குகளை மேஜைகளின் மேல் ஏற்றிக் கயிறு போட்டான். லோடு ஆட்டோக்காரரைக் கூப்பிட்டான். அவர் மாமியாரை ஏற்றிக்கொண்டு பல்லாவரம் போயிருந்தார். துர்காவையும் குழந்தையையும் மாப்பிள்ளை கார்த்தி காலையிலேயே கீழ்க்கட்டளைக்கு அழைத்துப் போய்விட்டான். அங்கே இரண்டாவது மாடி. "மாமா, நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க. நாய் மட்டும்... எங்க அபார்ட்மென்ட் ஆளுங்க பத்தி உங்களுக்கே தெரியும்" என்றான். சொல்லும்போது அவனுக்கே கூச்சமாக இருந்தது. மத்தியானம் காமுவைக் கூட்டிப்போக மறுபடி வந்தவன், காரைத் தெருவுக்குள் விட முடியாமல் மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டான்.

தெருமுனையில் தண்ணீர் பழுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. ரங்கன் சமையலறையில் இருந்தான். குண்டான் நிறைய, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ராணியின் தாடை மேடையில் இருந்தது. காமு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சங்கிலி எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப நீ வரல."

"மேல இருந்துக்கறேன். தார்ப்பாய் கட்டிட்டேன். சிலிண்டர ஏத்திட்டா போதும்."

"போன தபா தண்ணி எவ்ளோ வந்துச்சின்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

புஜ்ஜி அவள் பையை மோந்து பார்த்தது. குழந்தையின் துணி எதுவோ அதில் இருந்தது. காமு குனிந்து அதன் காதை ஒரு முறை பிடித்து விட்டாள். மெயின் ரோட்டிலிருந்து கார்த்தி அடிக்கிற ஹாரன் கேட்டது.

"நான் ஆனியிலயே சரின்னிருந்தா வண்டி இப்ப ரைஸ் மில்லாண்ட நின்னிருக்கும்" என்றாள். "எல்லாம் ஏறி, இந்நேரம் போய்ச் சேந்திருப்போம்." அவன் முகத்தைப் பார்த்தாள். "என்னாலதானேய்யா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரங்கன் கரண்டியை உள்ளே விட்டு அடிவரை கிளறினான். ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினான். வெந்திருந்தது. இன்னொன்றை எடுத்தான்.

காமு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ராணியின் முதுகை ஒட்டி நகர்ந்து, சமையலறையை விட்டுப் போனாள்.